மூவாயிரம் பேர் சாப்பிட்ட காதுகுத்து

என் மகள் வித்யாவுக்குக் காது குத்திய அன்று மூவாயிரம் பேர் சாப்பிட்டார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். மற்றவர்களுக்கும் என்னைத் தெரியாது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்ற என்னிடமே ஒருவர், "பொண்ணோட அப்பா வந்துட்டாராப்பா?" என்று விசாரித்தார். பக்கத்தில் நின்றவர், "உள்ள கீறாரு, போ" என்று பதில் சொல்லிவிட்டார். நான் இரண்டு பேருக்கும் பன்னீர் தெளித்தேன்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கல்யாண மண்டபம். வெளியே லாரி போகும்போதெல்லாம் மேடையின் சீரியல் பல்புகள் ஒரு தரம் அணைந்து எரியும். பிரியாணி வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வந்தது.

மேடையில் என் மனைவி கோமதியின் அண்ணன் மாசிலாமணி, புது வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஐந்து வயது வித்யா அவர் மடியில் இருந்தாள். அவர் இரண்டு கையாலும் கூட்டத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் குழந்தையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் இறங்கி ஓடிவிட்டாள். இரண்டு தடவை சமையற்கட்டுவரை போய்ப் பிடித்து வர வேண்டியிருந்தது.

மச்சான் அப்படிக் கும்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அடுத்த பதினோராம் நாள் எங்கள் பேரூராட்சித் தலைவர் தேர்தல். அவர் வேட்பாளர்.

ஊருக்கெல்லாம் காது குத்திய கதையா என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்த நகைச்சுவையை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லி முடித்தாயிற்று. நான் மேலே போகிறேன்.

பச்சைக் குடம்

இந்தத் தொடரில் சீசன் டிக்கெட்டைப் பற்றியே மூன்று வாரம் எழுதிவிட்டேனாம். அரசியல் பக்கம் வர மாட்டீர்களா என்று மேடவாக்கத்து வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். இதோ வந்துவிட்டேன். என் அரசியல் வாழ்க்கை ஒரே ஒரு மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கி முடிந்தது.

தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே எங்கள் ஊர். பெயர் வேண்டாம், உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மச்சான் குடும்பம் அங்கே நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அப்புறம் மனை போட்டார்கள். நெல்லைவிட மனை நன்றாக விளைந்தது. நான் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். எனக்கு விளைந்தது வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட்.

மச்சான் முதலில் தேர்தலில் நின்றது எண்பதுகளின் நடுவில். அப்போது ஊரில் தண்ணீர்க் கஷ்டம். அவர் வீட்டுக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். தண்ணீர் லாரி வந்தால் தெரு முழுக்கப் பச்சைக் குடமாக நிற்கும். எது யாருடையது என்று தெரியாமல் பெண்கள் அடித்துக்கொள்வார்கள். எதிராளி குடத்தோடு மூடியும் கொடுத்தார். மச்சான் தோற்றுப்போனார்.

"துட்டும் போச்சு, குடமும் போச்சு மாப்ள" என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். அதிலிருந்து அவர் இரண்டு பாடம் கற்றுக்கொண்டார். ஒன்று, பாத்திரம் கொடுக்கக் கூடாது, சோறு போட வேண்டும். இரண்டு, கைக்காசைப் போடக் கூடாது.

வக்கீல் சொன்ன வழி

அப்புறம் ரொம்ப வருஷம் உள்ளாட்சித் தேர்தலே வரவில்லை. வந்தபோது கெடுபிடியும் கூடவே வந்தது. சுவரில் எழுதாதே, ராத்திரி மைக் கட்டாதே, இத்தனை ரூபாய்க்கு மேல் செலவு பண்ணாதே. எங்காவது பந்தல் போட்டால் வீடியோ கேமராவோடு ஆள் வந்து நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் ஒரு வக்கீலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வித்யா கோலப்பொடியை அளைந்துகொண்டிருந்தாள். மச்சான் அவளைத் தூக்கி, காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, கொயந்த காது இன்னும் சும்மாவே கீது?"

ஐந்து வருஷத்தில் அந்தக் காதை அவர் முதல் முறையாகப் பார்த்தார். வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்ததால் தள்ளிப் போட்டிருந்தோம்.

"எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்?" என்றேன். எதெல்லாம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் கேட்டு வைத்தேன்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். "வேட்பாளர் சோறு போட்டா அது தேர்தல் செலவு சார். தங்கச்சி வீட்டுக்காரர் போட்டா அது விசேஷம்."

பத்திரிகை என் பெயரில் அடிக்கப்பட்டது. கட்சிக்கொடி கூடாது, துண்டு கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். மொய்யும் வேண்டாம் என்றார். மச்சான் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மொய் எய்தாத காதுகுத்த எவன் நம்புவான்? மொய் நோட்டு போடு மாப்ள."

படித்த வக்கீலுக்குத் தோன்றாத இந்த யோசனை எங்கள் ஆட்களுக்குத்தான் தோன்றும். அதில் எல்லோரும் மாட்டிக்கொண்டோம்.

பத்தாயிரத்து ஒன்று

மண்டபத்தில் மொய் மேஜையில் மைக் வைத்திருந்தார்கள். எழுதுகிறவர் படிப்பார், மைக்காரர் கத்துவார். முதல் பத்து பேர் எங்கள் சொந்தக்காரர்கள். இருபத்தொன்று, ஐம்பத்தொன்று என்று போனது. அப்புறம் மணல் லாரிக்காரர் ஒருவர் வந்தார். சாக்கடை காண்ட்ராக்டர் வந்தார். குரல் ஏறிக்கொண்டே போனது.

"லேஅவுட் தேவராஜ் அவர்கள், குழந்தை வித்யாவுக்கு, ரூபாய் பத்தாயிரத்து ஒன்று!"

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். தேவராஜ் எங்கள் பக்கத்தில் நிலம் வாங்கி மனை பிரித்து விற்கிறவர். அதற்கு முன் என் மகளை அவர் பார்த்ததில்லை. அது என் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேலே.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் அதிகாரி ஒருவர் கேமராக்காரரோடு உள்ளே வந்தார்.

"யார் வீட்டு விசேஷம்?"

"எங்க வீட்டு விசேஷம்தான் சார். பொண்ணுக்குக் காது குத்தறோம்" என்றேன்.

"இவ்வளவு பேரும்?"

"சொந்தக்காரங்க சார்."

அவர் கேமராக்காரரிடம் காதைப் படம் எடுக்கச் சொன்னார். சரியாக அப்போது ஆசாரி குத்தினார். வித்யா மண்டபமே அதிர வீறிட்டாள். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை. அதிகாரி தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கேமராக்காரர் மட்டும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு ரூபாய் மொய் எழுதினார். அன்று என் மகளுக்காகவே எழுதப்பட்ட மொய்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

பணப்பை மச்சானின் அம்பாசடரில் ஏறியது. நோட்டை மட்டும் கோமதி விடவில்லை. "மொய் நோட்டு பெத்தவங்க வீட்லதான் இருக்கணும்" என்று மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தாள். மச்சான் சிரித்துக்கொண்டே சரி என்றார். அவருக்குப் பை போதும்.

அவர் ஜெயித்தார்.

எழுதிக் கொடுங்கள்

இரண்டு மாதத்தில் என் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கூடவே எங்கள் காதுகுத்துப் பத்திரிகை. மாதம் மூவாயிரம் சம்பளம் வாங்கும் எழுத்தர் மூவாயிரம் பேருக்குப் பிரியாணி போட்டது எப்படி என்று ஒரே ஒரு கேள்வி. நியாயமான கேள்வி.

என் மேலதிகாரி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் சமாச்சாரம் பெரிது என்று அர்த்தம்.

"என் சம்பளத்துலயே முந்நூறு பேருக்கு மேல போட முடியாது. எப்படி போட்டீங்க?"

தோற்ற வேட்பாளர் அதற்குள் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னால் மச்சானுக்குப் பதவி போகும், கோமதிக்குப் பிறந்த வீடு போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். கடிதம் வந்த சேதி முதல் நாளே தெரிந்துவிட்டதால் மஞ்சள் பையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதிலிருந்து மொய் நோட்டை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

"மொய்யிலயே செலவு கட்டிடுச்சு சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். தேவராஜ் பெயரில் விரலை வைத்தார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம் சார்."

இதைச் சொன்னபோது என் குரல் நன்றாகவே வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அவர் நோட்டை மூடினார். "எங்க ஊர்லயும் மொய் உண்டு. வாங்கினா திருப்பிச் செய்யணும். நீங்க இவங்களுக்கெல்லாம் செய்வீங்களா?"

"செய்வேன் சார்."

"எழுதிக் குடுங்க. ஃபைலைத் திறந்தே வெச்சிருப்பேன். செஞ்சப்புறம் வந்து காட்டுங்க."

மேற்படி மொய்களை அவரவர் வீட்டு விசேஷங்களில் திருப்பிச் செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேர்தல் நன்கொடையைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்த ஆள் இந்தத் தேசத்தில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டான்.

தட்டோடு வந்தவர்

ஆவணி மாதம் தேவராஜ் வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அவர் புது வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேசம்.

"சார், குடும்பத்தோட வந்தா போதும். மொய்யி கிய்யின்னு ஒண்ணும் வேணாம். நமக்குள்ள இன்னா?"

காபி குடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் கால்வாய் ஒன்று உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புவரை போகும். அதன் இரண்டு பக்கமும் அவர் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். நடுவில் கால்வாய் இருப்பது அவருக்கு இடைஞ்சல்.

"வருசத்துல பத்து நாளுதான் சார் தண்ணி ஓடுது. மீதி நாளெல்லாம் அது காலி மனைதானே? தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அவர் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கோமதி பொறுத்திருந்தாள். அப்புறம் வெடித்தாள்.

"என் பொண்ணுக்குக் காது குத்துனதுக்கு ஊருக் கால்வாய் விலையா? இன்னா தைரியம் இவனுக்கு!"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா பேசணும்? மொய் அண்ணன் பேர்ல எழுதல. வித்யா பேர்ல எழுதிருக்கு. திருப்பிச் செய்ய வேண்டியது நாம. செஞ்சிட்டா தீந்துது. அப்பால எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கால்வாயக் கேப்பான்?"

"பத்தாயிரம் கோமதி."

"பத்தாயிரத்து ஒண்ணு" என்று திருத்திவிட்டு வளையல்களைக் கழற்றினாள்.

அவளிடம் இருந்தது இரண்டே வளையல். போதவில்லை. வித்யா காதில் மாமன் போட்ட கம்மல் இருந்தது. மேடையில் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று வாங்கியது, நாலு கிராம், காதை இழுக்கும்.

"கழட்டினா வலிக்குமாம்மா?" என்று குழந்தை கேட்டாள்.

"குத்துறதுக்குத்தான் வலிக்கும். கழட்டுறதுக்கு வலிக்காது."

துளை மூடாமலிருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் சீவி இரண்டு காதிலும் செருகினாள். குழந்தை போன இடமெல்லாம் வேப்பிலைக் கசப்பு மணத்தது. நான் தாம்பரம் பஜாரில் நகையை விற்றுவிட்டு வந்தேன். வழியில் டீ குடிக்கக்கூட மனம் வரவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வாங்கிய மொய்யைவிட ஒரு ரூபாயாவது கூட வைத்தால் உறவு தொடரும். அதே தொகையை வைத்தால் கணக்குத் தீர்ந்தது, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். தேவராஜ் வீட்டு மொய் மேஜையில் கோமதி நின்றாள். முன்வரிசையில் மச்சான் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குழந்தை வித்யாவின் பெற்றோர், ரூபாய் பத்தாயிரத்து ஒன்று!" என்று மைக்காரர் கத்தினார்.

தேவராஜின் முகம் செத்துப்போனது. நான் கோமதியைப் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை நாலு நாள் இருந்தது.

மாமா கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கோபமாக வரவில்லை. உட்கார்ந்து இட்லி கேட்டார். மூன்றாவது இட்லியில் வித்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாடா கண்ணு, காதுல குச்சி சொருகிக்கினு கீற? மாமா போட்ட கம்மல் எங்க?"

"மொய் வெச்சிட்டோம் மாமா."

அவர் கை இட்லியோடு நின்றது. குழந்தையின் காதைத் தொடப் போனவர் தொடவில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

"பைத்தியமா நீ?" என்று தங்கையிடம் தணிந்த குரலில் கேட்டார். "ஒருத்தனுக்கு வெச்சிட்ட. நோட்டுல இன்னும் எத்தினி பேரு கீறான் தெரியுமா? எத்தினி வளையல் வெச்சினு கீற?"

"மீதிப் பேரு தட்டோட வந்து நிக்கட்டும், பாத்துக்கறேன். இவன் கணக்க நான் தீத்துட்டேன். கால்வாய மூட வுடாத அண்ணே."

"அவன் துட்டு பிரியாணில மட்டுந்தான் கீதுன்னு நெனச்சினியா? ஜீப்பு அவுனது. போஸ்டரு அவுனது. பூத்துல குந்துன பசங்களுக்கு நாஸ்டா அவுனது. அதெல்லாம் எந்த நோட்டுலயும் இல்லம்மா."

சொல்லிவிட்டு மீதி இட்லியைச் சாப்பிட்டார். கை கழுவினார். அவர் எங்களை ஏமாற்றியதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. கோமதி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

சாயங்காலம் அவர் டிரைவர் ஒரு சின்ன நகைப்பெட்டியோடு வந்தான். பழையதைவிடப் பெரிய கம்மல். பில்லை எடுக்க மறந்திருந்தார்கள். பில்லில் இருந்த பெயர் தேவராஜ். கோமதி டிரைவருக்குக் காபி கொடுத்து, பெட்டியையும் அவனிடமே கொடுத்தனுப்பினாள்.

புரட்டாசியில் லேஅவுட்டுக்குக் கையெழுத்தாகிவிட்டது. என் சிபாரிசு தேவைப்படவில்லை. நாலு நாள் செம்மண் லாரி ஓடியது, கால்வாய் இருந்த இடத்தில் மனை எண் எழுதிய கல் நட்டார்கள்.

தேவராஜ் வீட்டில் மொய் எழுதியவரைப் பிடித்து, நோட்டின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அலுவலகத்தில் காட்டினேன். மேலதிகாரி நம்பாமல் பார்த்தார்.

"நெஜமாவே செஞ்சிட்டீங்களா?"

"செஞ்சிட்டேன் சார்."

எப்படி என்று கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கேட்கவில்லை. ஃபைலைக் கட்டி வைத்துவிட்டார். மீதிப் பேர் யாரும் என் வீட்டுக்குத் தட்டோடு வரவில்லை. எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது தடவை

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. தண்ணீர் வழக்கமான இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறது. வழி இல்லை. எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ஒன்பது நாள் முழங்கால் அளவு. பேண்ட்டை மடித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். தெருமுனையில், நிவாரணப் பணிகளைப் பார்வையிட வருகை தரும் தலைவரை வரவேற்றுத் தட்டி வைத்திருந்தார்கள். அதன் கால்களும் தண்ணீரில்தான் இருந்தன.

தீபாவளி போனஸ் வந்தது. வித்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, கோமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நடந்து தாம்பரம் போனோம். ஒரு கிராமில் சின்னக் கம்மல் வாங்கினோம். போடும்போதுதான் தெரிந்தது, இடது காதில் குச்சி எங்கேயோ விழுந்து, துளை தூர்ந்துவிட்டது. அந்தக் காதுக்கு மறுபடி குத்த வேண்டும் என்றார் கடையில் இருந்த ஆசாரி.

இந்தத் தடவை என் மடியில் உட்கார வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் ஓடவில்லை. அழுதாள், அவ்வளவுதான். சாட்சிக்கு நாங்கள் மூன்று பேரும் ஆசாரியும் இருந்தோம்.

கூலி இருபது ரூபாய் கேட்டார். கொடுத்தேன். கொடுத்த கையை இழுத்துக்கொள்ளாமல், "ரசீது ஒண்ணு குடுங்க" என்றேன்.

ஆசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "காது குத்துனதுக்கு எவன் சார் கணக்கு கேக்கப்போறான்?"

கோமதி சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மட்டும் ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.